இழுத்துப் பார்க்கும் கைக்காகச் செய்

சந்தையில் உன் மேசை முன்னால் வந்து நிற்பவர் முதலில் செய்வது, டிராயரை இழுத்துப் பார்ப்பதுதான். விலை கேட்பது அப்புறம். என்ன மரம் என்று கேட்பது அதற்கும் அப்புறம். டிராயர் சிக்காமல் வெளியே வந்து, உள்ளே விரல் விட்டால் வழவழவென்று இருந்து, திரும்பத் தள்ளும்போது மெல்லப் போய் உட்கார்ந்தால் பாதி வியாபாரம் முடிந்தது. சிக்கினாலோ, உள்ளே பிசின் கட்டி விரலில் தட்டினாலோ, மேலே எவ்வளவு மினுக்கினாலும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பேண்ட் சா பெட்டி செய்து விற்கப்போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து இதைத்தான் சொல்ல நினைத்தேன், கண்ணு. மரம், பிளேடு, பாலிஷ், விலை எல்லாவற்றையும் அந்த ஒரு கையை நினைத்தே முடிவு செய்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கும் புரியட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சாதாரண மரப்பெட்டி பலகைகளை மூலை சேர்த்துச் செய்வது. இது அப்படியில்லை. முழுக் கட்டை ஒன்றை எடுத்து, பேண்ட் சாவின் மெல்லிய பிளேடால் நடுவில் டிராயர் அளவுக்கு ஒரு துண்டை வளைத்து அறுத்து எடுக்கிறோம், ஓட்டிலிருந்து பருப்பை எடுப்பது மாதிரி. வெளியே வந்த துண்டே டிராயர் ஆகிறது. மிச்சமிருக்கும் ஓடு பெட்டி ஆகிறது. டிராயர் முகத்தில் ஓடும் ரேகையும் பெட்டி முகத்தில் ஓடும் ரேகையும் ஒரே மரத்தின் தொடர்ச்சி. இந்த அழகை மூலை சேர்த்துச் செய்த பெட்டியில் கொண்டுவர முடியாது. அதனால் ரேகையை மறைக்கும் எந்த வேலையும் இதில் வேண்டாம். பெயின்ட் அடிக்காதே, ஒட்டு அலங்காரம் செய்யாதே.

மரம்

புதுக் கட்டை வாங்கப் பணத்தைக் கொட்ட வேண்டாம். கதவு, ஜன்னல் செய்யும் பட்டறைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால், அடுப்புக்குப் போக இருந்த நல்ல தேக்குத் துண்டையும் உனக்காக எடுத்து வைப்பார். பழைய மரத்தில் ஆசை இருந்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் ஒருமுறை போய்ப் பார். இடித்த செட்டிநாட்டு வீடுகளின் தூண், நிலை, உத்தரம் எல்லாம் அங்கே விலைக்கு வரும். பல தலைமுறை காய்ந்த பர்மா தேக்கு வாங்கிவிட்டால் பெட்டி திருகாது, வெடிக்காது. பழைய மரத்தில் ஒரே பயம் ஆணி. நல்ல காந்தம் ஒன்றை ஒவ்வொரு முகத்திலும் மெதுவாக நகர்த்திப் பார்த்த பிறகுதான் மெஷினுக்குக் கொண்டு போ. துருப்பிடித்த சின்ன ஆணி ஒன்று போதும், பிளேடின் பல் மொத்தமும் போய்விடும்.

தேக்கைத் தவிர நான் விரும்பிச் சொல்வது பலா. அறுத்த அன்றைக்கு மஞ்சளாக இருக்கும், நாள் போகப் போகத் தேன் நிறத்துக்கு வரும். அதை வாங்குபவரிடம் சொல்லியே விற்கலாம், சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வார்கள். தஞ்சாவூர் வீணை செய்யும் மரம் இது என்றால் இன்னும் ஒரு நிமிஷம் கையில் வைத்திருப்பார்கள். பூவரசின் வைரம் சாக்லேட் நிறம், இழை நெருக்கம், பளபளப்பு நன்றாக ஏறும். தூங்குமூஞ்சி மரத்தின் நடுப்பகுதியில் கறுப்பும் பழுப்புமாகக் கோடு ஓடும், சாலை விரிவாக்கத்தில் விழும்போது வாங்கிவைக்கலாம். வாகையும் அழகுதான். ஆனால் அதன் தூள் மூக்கை அரிக்கும், தும்மல் நிற்காது. மாமரம் மலிவு, வெளிப்பக்கத்து வெள்ளை மரத்தை முழுதாகச் செதுக்கி எறிந்துவிட்டு வைரத்தை மட்டும் எடுத்துக்கொள். வெள்ளையில் உளு விழும். விற்ற பெட்டியிலிருந்து ஆறு மாதம் கழித்து மாவு கொட்டினால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார்.

ஈட்டி மரம், அதாவது தோதகத்தி, யாராவது கொடுத்தாலும் பில் இல்லாமல் தொடாதே. தமிழ்நாட்டில் ஈட்டி மரங்களைக் காக்க 1994-இல் தனிச் சட்டமே வந்தது. அந்த இனம் முழுவதும் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. மார்கழிக் கச்சேரிக்கு வரும் வெளிநாட்டுத் தமிழர்கள் நம் பெட்டியை எடுத்துப் போவார்கள், அவர்களை விமான நிலையத்தில் சிக்க வைக்கக் கூடாது. அதே காரணத்துக்காகப் பட்டையோடு விட்ட விளிம்பும் வேண்டாம். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பட்டை ஒட்டிய மரப்பொருளை உள்ளே விடுவதில்லை.

ஈரம் பற்றிக் கொஞ்சம் நிதானமாகக் கேள். நான்கு அங்குலக் கனமுள்ள ஒற்றைக் கட்டை வெளியே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே பச்சையாக இருக்கும். காற்றில் காயும் மரத்துக்கு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது உத்தேசக் கணக்கு. அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது என்பதால்தான் ஓர் அங்குலப் பலகைகளை நான்கைந்தாக ஒட்டிக் கட்டையாக்குவது நல்லது. சீக்கிரம் காய்ந்த பலகை, விலையும் குறைவு, தேக்குக்கு நடுவே ஒரு பலாப் பட்டை வைத்தால் கண்ணுக்கும் விருந்து. காய்ந்துவிட்டதா என்று பார்க்க மீட்டர் இல்லாவிட்டாலும் சமையலறைத் தராசு போதும். வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வை. எடை இறங்குவது நின்றால் மரம் காய்ந்துவிட்டது.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன்னால் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டு ஃபெவிகால் தடவினால்தான் பிடிக்கும். கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிடு. ஒட்டு இறுகாத கட்டையை அறுத்தால் பிளேடின் சூட்டில் பலகை பிரியும்.

மெஷினும் பிளேடும்

நீ வாங்கியிருக்கும் மேசை மேல் வைக்கும் சின்ன மெஷினில் கட்டையின் உயரம் மூன்று, மூன்றரை அங்குலத்துக்கு மேல் நுழையாது. பதினாலு அங்குலச் சக்கர மெஷின் என்றால் ஆறு அங்குலம் வரை போகும். இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. டிராயரை அறுக்கும்போது கட்டை மல்லாந்து கிடக்கும். அப்போது பெட்டியின் ஆழம்தான் உயரம். பின்பலகையைச் சீவும்போது கட்டை நிமிர்ந்து நிற்கும். அப்போது பெட்டியின் உயரம்தான் உயரம். இரண்டு நிலையிலும் உன் மெஷினுக்குள் நுழைகிற அளவுதான் நீ செய்யக்கூடிய பெட்டி. வரைவதற்கு முன்னால் இதை அளந்துகொள்.

பிளேடில் சிக்கனம் பார்க்காதே. பின்பலகை சீவ அரை அங்குல பிளேடு. டிராயரை வளைக்க ஒன்றரை நூல் பிளேடு (எட்டு நூல் ஓர் அங்குலம்). இந்த இரண்டும் இருந்தால் எல்லா வேலையும் ஆகிவிடும். கால் அங்குல பிளேடை வைத்துக்கொண்டு சின்ன வளைவு போடப் பார்ப்பார்கள். அதற்குக் குறைந்தது ஐந்து நூல் ஆரம் வேண்டும், அதற்குள் திருப்பினால் பிளேடு முறுகும், வெட்டு கருகும். ஒன்றரை நூல் பிளேடு இரண்டரை நூல் ஆரத்தில் திரும்பும், அதாவது ஒரு ரூபாய் நாணயத்தைச் சுற்றித் தாராளமாக வரும். உன் படத்தில் இருக்கும் எல்லா மூலையையும் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தே வரை. கூர் மூலை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் டேபிள் பிளேடுக்குச் சரியான மட்டத்தில் இருக்கிறதா என்று பார். மூலைமட்டத்தை மட்டும் நம்பாதே. உன் கட்டை உயரத்துக்கு ஒரு வேஸ்ட் துண்டு எடுத்து லேசாக ஒரு வெட்டுப் போடு. மெஷினை நிறுத்தி, துண்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, பிளேடின் பின்பக்கமாகக் கொண்டுவந்து அந்த வெட்டுக்குள் பிளேடு நேராக உட்கார்கிறதா என்று பார். உட்கார்ந்தால் மட்டம் சரி. இதற்கு ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், டேபிள் நூலிழை சாய்ந்திருந்தால்கூட வெளியே வரும் டிராயர் ஆப்பு மாதிரி ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சிறுத்திருக்கும். முன்னால் இடைவெளி விழும், பின்னால் சிக்கும். உப்புத்தாள் போட்டு அதைச் சரிசெய்ய முடியவே முடியாது.

இனி பாதுகாப்பு. இதில் சமரசமே கிடையாது. மெஷின் அறைக்குள் துப்பட்டா வரக் கூடாது, முந்தானை வரக் கூடாது, பின்னல் தொங்கக் கூடாது. முடியைக் கொண்டை போட்டு, வளையலையும் கழுத்துச் சங்கிலியையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போ. கையுறை போடாதே, பிளேடு துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். மேலே இருக்கும் பிளேடு கைடை கட்டைக்கு இரண்டு நூல் மேலே இருக்கும்படி இறக்கி வை. விரல் எப்போதும் பிளேடு போகும் பாதைக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். என்-95 மாஸ்க் போடாமல் ஒரு வெட்டுக்கூடப் போடாதே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான முதல் வகையில் மரத்தூளை வைத்திருக்கிறது. குழந்தைகள் தூங்கும் அறைக்குப் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம்.

"பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கும்மா இந்த மெஷின்" என்று யாராவது கேட்பார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி சொல்லு. பேண்ட் சா யோசனைக்கு இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் பிளேடு பட்டையின் இரு முனையையும் ஒட்டிய இடம் சக்கரத்தில் வளைந்து வளைந்து அறுந்துகொண்டே இருந்ததால் மெஷின் உபயோகத்துக்கு வரவில்லை. அறுந்துபோகாமல் ஒட்டும் வழியைக் கண்டுபிடித்து 1846-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் ஆன் போலான் கிரெப்பான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. அதற்குப் பிறகுதான் இந்த மெஷின் பட்டறைக்குள் வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். உனக்கும் இருக்கட்டும்.

வெட்டும் வரிசையை மாற்றாதே

கட்டையை ஆறு பக்கமும் மட்டமாக்கு. அடிப்பக்கமும் பின்பக்கமும் தரையில் வைத்தால் ஆடக் கூடாது. முன், பின், மேல் என்று பென்சிலால் எழுதி வை. முன்முகத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் படத்தை ஒட்டினால், வேலை முடிந்ததும் உரித்து எடுப்பது சுலபம்.

கட்டை சதுரமாக இருக்கும்போதே பின்பலகையை இரண்டு, மூன்று நூல் கனத்துக்குச் சீவி எடுத்துவிடு. வெளி வடிவத்தை முதலில் வெட்டிவிட்டு அப்புறம் சீவுபவர்கள் உண்டு, அதுவும் நடக்கும். ஆனால் சதுரக் கட்டை ஃபென்ஸை ஒட்டி ஆடாமல் நிற்கும் என்பதால் புதிதாகச் செய்பவருக்கு இதுதான் பத்திரம்.

அடுத்தது டிராயர். பிளேடு உள்ளே நுழையும் பாதை எங்கே இருக்க வேண்டும் என்று நன்றாக யோசி, ஏனென்றால் அந்தக் கோடு பெட்டியில் நிற்கும். ரேகை மேலும் கீழுமாக ஓடினால் அடியிலிருந்து ரேகையோடு சேர்த்து நுழை. ரேகை படுக்கை வசமாக ஓடினால் பக்கவாட்டிலிருந்து நுழை. ஒட்டுக் கட்டை என்றால் ஒட்டின கோட்டின் மேலேயே போ, தேடினாலும் தெரியாது. வளைக்கும்போது கட்டையைத் தள்ளாதே, பிளேடு தின்ன விடு. நடுவில் கையை எடுத்தால் அந்த இடத்தில் ஒரு படி விழும். பின்னால் வர வேண்டியிருந்தால் மெஷினை நிறுத்தி, சக்கரம் நின்ற பிறகு கட்டையை மெதுவாக உருவு. ஓடும் மெஷினில் பின்னால் இழுத்தால் பிளேடு சக்கரத்தைவிட்டு வெளியே வந்துவிடும்.

வெளியே வந்த டிராயர் கட்டையை நிமிர்த்தி, முன்பக்கம் இரண்டு நூல், பின்பக்கம் இரண்டு நூல் சீவி எடுக்க வேண்டும். இந்த மொத்த வேலையிலும் விரலுக்கு ஆபத்தான இடம் இதுதான். உருண்டையான கட்டையை டேபிளில் வைத்து அறுத்தால் பிளேடு அதைச் சுழற்றிவிடும், கையும் கூடப் போகும். அதனால் உன் டிராயர்களுக்கெல்லாம் அடிப்பக்கம் தட்டையாக இருக்கட்டும். வட்ட டிராயர் வேண்டும் என்று பிடிவாதமாக யாராவது ஆர்டர் கொடுத்தால், டபுள் சைடு டேப்பால் அதைச் சதுரத் துண்டு ஒன்றோடு ஒட்டிவிட்டு அறு.

நடுவில் மிஞ்சிய துண்டில் மேலிருந்து இறங்கி, அடியை வளைத்து, மறுபக்கம் ஏறி உள் குடைவை எடு. பக்கங்களும் அடியும் இரண்டு நூல் கனத்துக்குக் குறைய வேண்டாம். குடைந்து எடுத்த துண்டை எறியாதே, டிராயர் குமிழுக்கும் மோதிர ஸ்டாண்டுக்கும் ஆகும். இனிமேல்தான் பொறுமை வேண்டும். முன்பலகை, பின்பலகையை ஒட்டுவதற்கு முன்னாலேயே குடைவின் உள்பக்கத்தைத் தேய்த்து முடித்துவிடு. ஒட்டின பிறகு அந்த மூலைக்கு விரலும் போகாது, தாளும் போகாது. ட்ரில் மிஷினில் மாட்டும் உருளைத் தேய்ப்பான் இதற்கென்றே இருக்கிறது. எண்பதில் தொடங்கி 120, 180, 220 என்று போ. இடையில் ஒரு நம்பரைத் தாண்டினால் முந்தின நம்பரின் கீறல் பாலிஷ் போட்டதும் வெள்ளைக் கோடாகத் தெரியும். ஒட்டும்போது ஃபெவிகாலை மெல்லிய படலமாகத் தடவு. உள்ளே பிதுங்கியதை ஈரத்துணியால் தேய்க்காதே, அது மரத்துக்குள் ஊறி பாலிஷ் ஏறாத திட்டாகிவிடும். கொஞ்சம் இறுகி ரப்பர் மாதிரி ஆனதும் உளி முனையால் சீவி எடு.

பெட்டியில் பிளேடு நுழைந்த வெட்டை இரண்டு விதமாக மூடலாம். பசை விட்டு கிளாம்ப் போட்டு நெருக்கலாம், ஆனால் டிராயர் போகும் திறப்பு அந்த வெட்டின் அளவுக்குச் சுருங்கும். பெரிய பெட்டிக்குப் பரவாயில்லை, சின்னப் பெட்டிக்கு இறுக்கிவிடும். எனக்குப் பிடித்தது, அதே மரத்திலிருந்து இழைப்புளியால் எடுத்த சுருளைப் பட்டையாக வெட்டிப் பசையோடு உள்ளே சொருகுவது. திறப்பின் அளவு மாறாது. எது செய்தாலும் பசை காய்வதற்குள் டிராயரை ஒருமுறை போட்டு இழுத்துப் பார்த்துவிடு.

பின்பலகையை ஒட்டி முடித்த பிறகு கடைசியாக வெளி வடிவம். அப்போது பெட்டியும் பின்பலகையும் ஒன்றாகவே வெட்டுப்படும், விளிம்பு தானாகச் சேரும். சுவர் மூன்று நூலுக்குக் குறைந்தால் கீழே விழும்போது உடையும். டிராயரில் முன்னும் பின்னும் இரண்டு முறை பிளேடு தின்றிருக்கிறது இல்லையா, அதனால் அது பெட்டியைவிட இரண்டு மில்லிமீட்டர் குட்டையாகி, தள்ளினால் முகம் உள்வாங்கும். பின்பலகையின் உள்பக்கம் அதே கனத்துக்கு ஒரு துணித்துண்டு ஒட்டிவிடு. முகம் சமமாக நிற்கும், மூடும்போது டக் என்ற சத்தமும் வராது.

டிராயர் சுற்றிலும் எவ்வளவு இடைவெளி என்று கேட்டாய். பிளேடு தின்ற அளவு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், தேய்த்த பிறகு இன்னும் கொஞ்சம். அது போதும், அது வேண்டும். கோவையில் சித்திரை வெயிலில் இறுக்கமாகச் செய்த டிராயர் சென்னையில் ஐப்பசி மழைக்கு ஊதி உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

பாலிஷுக்கு நான் அரக்கைத்தான் சொல்வேன். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லிசாகப் பல முறை பூசி, மேலே தேன்மெழுகு தேய்த்தால் கைக்கு இதமாக இருக்கும், பிளாஸ்டிக் மினுக்கல் வராது. டிராயரின் உள்ளே எண்ணெய் பூசவே கூடாது. மூடிய இடத்தில் அது சிக்குவாடை அடிக்கும், நகையில் ஒட்டும். ஆளி விதை எண்ணெய் எங்காவது உபயோகித்தால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதே, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டுப் பிறகு எறி. உள்ளே துணி ஒட்டுவதானால் பருத்தி வெல்வெட். கம்பளி ஃபெல்ட் வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைக்கும்.

என்ன வடிவம்

பத்து வடிவம் செய்யாதே. ஒரு வடிவத்தை எடுத்து, மூன்று அளவில் செய். மாங்காய் வடிவம் நம் ஊர்க் கண்ணுக்குப் பழகினது, பட்டிலும் கோலத்திலும் நகையிலும் பார்த்தது, பேண்ட் சா வளைவுக்கும் ஒத்துவரும். வளைந்த நுனி மட்டும் ரேகைக்குக் குறுக்கே வந்தால் கிள்ளினாற்போல் உடையும், அதனால் நுனி வழியாக ரேகை ஓடும்படி படத்தைத் திருப்பி ஒட்டு. ஒரே மாதிரி ஐந்தாறு கட்டையை ஒன்றாக எடுத்து, எல்லாவற்றுக்கும் பின்பலகை, எல்லாவற்றுக்கும் டிராயர் என்று கட்டம் கட்டமாகப் போனால் பிளேடு மாற்றும் நேரம் மிச்சம்.

அளவை வீட்டில் உள்ள பொருளை வைத்து முடிவு செய். ஒரு ஜோடி ஜிமிக்கி படுக்க வேண்டும். ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டை மடங்காமல் போக வேண்டும். சேஃப்டி பின்னும் ஹேர்பின்னும் கொட்ட ஒரு சின்ன டிராயர் வேண்டும். இது எதற்கு என்று கேட்பவரிடம் பதில் சொல்ல நீ யோசிக்கக் கூடாது. கொலுவுக்கு வெற்றிலை பாக்கோடு கொடுக்க என்று ஒரு கையடக்கக் குங்குமப் பெட்டி செய்து பார், மொத்தமாகக் கேட்பார்கள்.

விலை

இந்த இடத்தில்தான் நம் வீட்டுப் பெண்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள், எனக்குக் கோபமே வரும். "வீட்டில் இருக்கிற நேரத்தில் செய்ததுதானே" என்று உழைப்புக்குச் சுழி போட்டுவிடுவார்கள். ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். நடுத்தரப் பெட்டி ஒன்றுக்கு மரம் 200 ரூபாய். பசை, உப்புத்தாள், அரக்கு, பிளேடு தேய்மானம் 150. உன் நேரம் நாலு மணி, மணிக்கு 150 என்றால் 600. ஆக 950. இரண்டு நாள் ஸ்டால் வாடகை, வண்டி, சாப்பாடு எல்லாம் சேர்ந்து 6,000 ஆகி, இருபது பெட்டி விற்கும் என்று வைத்தால் பெட்டிக்கு 300. இப்போது 1,250. மெஷின் ரிப்பேர், பழுதான கட்டை, விற்காமல் திரும்பும் சரக்கு இதற்கெல்லாம் 250 சேர்த்தால் 1,500. இதற்குக் கீழே இறங்கினால் நீ உன் கைக்காசைக் கொடுத்து விற்கிறாய். நாளைக்கு ஒரு கடைக்குக் கொடுக்க நினைத்தால் அவர்கள் தங்கள் பங்கைச் சேர்ப்பார்கள், அதனால் சந்தை விலையிலேயே அதற்கு இடம் விட்டு வை. சந்தையில் ஒரு விலை, கடையில் ஒரு விலை என்றால் இரண்டு பக்கமும் நம்பிக்கை போகும்.

"குறைச்சுக் கொடுங்க" என்பார்கள். விலையைக் குறைக்காதே. இரண்டு எடுத்தால் ஒரு குங்குமச் சிமிழ் சேர்த்துக் கொடு, அதற்குத்தான் குடைந்தெடுத்த துண்டுகள் இருக்கின்றன. இவ்வளவுதான் பட்ஜெட் என்பவருக்குச் சின்ன அளவைக் காட்டு.

சந்தை

முதல் தடவை பெரிய கண்காட்சிக்குப் போகாதே. உன் பக்கத்து அடுக்ககத்தில் ஞாயிற்றுக்கிழமை போடும் சந்தையில் ஒரு மேசை எடு. வாடகை குறைவு, யார் எதைத் தொடுகிறார்கள் என்று பார்க்கலாம். பழகினதும் முட்டுக்காடு தட்சிணசித்ரா மாதிரி இடங்களைப் பார். 1996-இலிருந்து கைவினைக்காகவே இயங்கும் இடம், அங்கே வருபவர் கையால் செய்த பொருளைத் தேடித்தான் வருகிறார், அவருக்கு விளக்கம் சொல்லவே வேண்டாம். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பிரிவு கைவினைஞர் அடையாள அட்டை கொடுக்கிறது, பெஹ்சான் அட்டை என்பார்கள். அதற்கு விண்ணப்பித்துவிடு. காந்தி ஷில்ப் பஜார் போன்ற அரசுச் சந்தைகளில் இடம் கேட்க அது வேண்டும்.

மேசை மேல் ஒற்றை நிறத் துணி விரி, பூப்போட்ட துணியில் மர ரேகை தொலைந்துபோகும். எல்லாச் சரக்கையும் அடுக்காதே, அளவுக்கு இரண்டு வை. முன்வரிசையில் ஒரு பெட்டியைத் தனியாக வைத்து "இழுத்துப் பாருங்கள்" என்று எழுதி வை. தொடலாமா என்று தயங்கி நிற்பவர்கள்தான் அதிகம். குழந்தைகள் இழுத்தால் தடுக்காதே, பின்னாலேயே அம்மா வருவார். ஒவ்வொரு பெட்டியோடும் மரத்தின் பெயர் எழுதிய சின்ன அட்டை வை: பலா, பூவரசு, பழைய தேக்கு. பின்பக்கத்தில், வெயிலில் வைக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், வருஷம் ஒருமுறை மெழுகு தேய்த்தால் போதும் என்று எழுது. கூட எடுத்துப் போக வேண்டியவை: 320 நம்பர் உப்புத்தாள், மெழுகு டப்பா, மெழுகுவத்தித் துண்டு, சில்லறை, க்யூஆர் அட்டை, மேசையை மூட ஒரு தார்ப்பாய். ஈரக்காற்றில் டிராயர் கொஞ்சம் பிடித்தால் அதன் அடியில் மெழுகுவத்தியை இரண்டு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும்.

ஆர்டர் கேட்பவர்களிடம் பாதி முன்பணம் வாங்காமல் கட்டையைத் தொடாதே. பெயர் பொறிக்க வேண்டும் என்றால் எழுத்தை அவர்கள் கையாலேயே எழுதி வாங்கிக்கொள். தீபாவளிக்கு வேண்டும் என்பவர்களுக்குப் புரட்டாசி பாதியோடு ஆர்டரை நிறுத்திவிடு. கடைசிப் பத்து நாளை அறுப்பதற்கு வைக்காதே. ஸ்பிரிட் வாசனை டிராயருக்குள்ளிருந்து போக அந்தப் பத்து நாளும் வேண்டும், அதுவரை டிராயரை இழுத்துத் திறந்தே வைத்திரு.